என்கிரிப்ட் ஆகும் நோட்ஸ் ஆப்பில் பாஸ்வேர்டு வைத்துக்கொண்டால் போதாதா? தனியாக பாஸ்வேர்டு மேனேஜர் தேவையா?

திருச்சிக்காரி

எங்கள் வீட்டில் எல்லாருடைய பாஸ்வேர்டும் என் போனில்தான் இருக்கிறது. என்னுடையது மட்டும் என்றால் பரவாயில்லை. அப்பாவின் வருமான வரித் தளம், பென்ஷன் தளம், அம்மாவின் நெட் பேங்கிங், ஐஆர்சிடிசி, தம்பியின் பல்கலைக்கழகத் தளம், மின்வாரிய இணைப்பு எண், கேஸ் புக்கிங், அப்புறம் "உங்கள் முதல் பள்ளியின் பெயர் என்ன" மாதிரிக் கேள்விகளுக்கு யார் என்ன பதில் கொடுத்தோம் என்பது வரை எல்லாம். முன்பு கூகுள் கீப்பில் வைத்திருந்தேன். போன வருஷம் எல்லாவற்றையும் ஸ்டாண்டர்ட் நோட்ஸுக்கு மாற்றிவிட்டேன், இலவசக் கணக்குதான். திறக்கக் கைரேகை, உள்ளே ஒரே நீளமான நோட், ஆளுக்கு ஒரு பகுதி.

அலுவலகத்தில் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு "இதெல்லாம் பாஸ்வேர்டு வைக்கிற இடமா, ஒழுங்காக ஒரு பாஸ்வேர்டு மேனேஜர் போடு" என்றார். ஏன் என்று கேட்டால் "அதுதான் சேஃப்" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், பாஸ்வேர்டு மேனேஜர் என்று பெயர் வைத்தாலே திருடனுக்கு "நகை இங்கேதான் இருக்கிறது" என்று போர்டு மாட்டியது போலத்தானே? லாஸ்ட்பாஸ் என்ற பாஸ்வேர்டு மேனேஜரின் சர்வருக்குள் திருடர்கள் புகுந்தது எல்லாருக்கும் தெரியும். நோட்ஸ் ஆப்பில் சமையல் குறிப்பும் இருக்கும், மளிகை லிஸ்ட்டும் இருக்கும், அதற்குள் பாஸ்வேர்டு இருக்கிறது என்று யார் கண்டார்கள்?

இரண்டிலும் என்கிரிப்ஷன் ஒன்றுதான் என்றால் நான் எதை இழக்கிறேன்? என்னிடம் ஆண்ட்ராய்டு, தம்பியிடம் ஐபோன், அம்மாவிடம் பழைய ஆண்ட்ராய்டு 9 போன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். விளம்பரம் வேண்டாம், காரணம் வேண்டும்.

பூட்டும்சாவியும்

சகோதரி, அலுவலக நண்பர் சொன்ன முடிவு பாதி சரி, காரணம்தான் சொல்லத் தெரியவில்லை.

முதலில் என்கிரிப்ஷன், அதாவது சாவி இல்லாதவருக்குப் புரியாதபடி எழுத்தை மாற்றிப் பூட்டுவது. ஸ்டாண்டர்ட் நோட்ஸைப் பொறுத்தவரை அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. உங்கள் பாஸ்வேர்டிலிருந்து ஆர்கான்2 முறையில் சாவியைத் தயாரித்து, எக்ஸ்சாச்சா20 என்ற பூட்டு முறை கொண்டு போனிலேயே பூட்டி, பூட்டியதைத்தான் சர்வருக்கு அனுப்புகிறது. சர்வரில் இருப்பவர்களுக்கு வெறும் குப்பை எழுத்துதான் தெரியும். மூலநிரல் திறந்தே இருக்கிறது. 2024 ஏப்ரலில் புரோட்டான் மெயில் நடத்தும் புரோட்டான் கம்பெனி அதை வாங்கியது, அதனால் கேட்பாரற்ற ஆப்பும் கிடையாது. பிட்வார்டன் மாதிரி பாஸ்வேர்டு மேனேஜர் ஏஇஎஸ்-256 என்ற பூட்டு முறையைப் பயன்படுத்தும், சாவி தயாரிக்க பிபிகேடிஎஃப்2 என்ற கணக்கை 6 லட்சம் சுற்று போடும் (சுற்று கூடக் கூட ஊகித்து உடைப்பது மெதுவாகும்), விரும்பினால் அதிலும் ஆர்கான்2 வைத்துக்கொள்ளலாம். பெட்டியின் தகடு இரண்டிலும் கனமானதுதான். அந்தக் கணக்கில் நீங்கள் எதையும் இழக்கவில்லை.

ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்கள் "அப்படியானால் எந்த நோட்ஸ் ஆப்பும் ஓகே" என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பிளே ஸ்டோரில் "லாக் நோட்ஸ்", "சீக்ரெட் நோட்ஸ்" என்று வருகிற பலவற்றில் நான்கு இலக்க பின் என்பது திரைக்குப் போட்ட திரைச்சீலை மட்டும். உள்ளே ஃபைல் அப்படியே படிக்கிற மாதிரி இருக்கும். ஜாப்ளின் நல்ல ஆப், நானே குறிப்புகளுக்குப் பயன்படுத்துகிறேன், ஆனால் அதன் என்கிரிப்ஷன் சிங்க் ஆகும்போதுதான். போனுக்குள் இருக்கிற டேட்டாபேஸ் என்கிரிப்ட் ஆகாமல்தான் இருக்கும், போனின் சொந்தப் பூட்டுதான் அதற்குக் காவல். கூகுள் கீப் போகிற வழியிலும் சர்வரிலும் என்கிரிப்ட் ஆகும், ஆனால் சாவி கூகுளிடம். உங்கள் ஜிமெயிலுக்குள் யார் நுழைந்தாலும் கீப்பும் திறந்துகொள்ளும்.

ஒரு ஆப் எந்த ரகம் என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்று கொடுத்துப் பாருங்கள். மெயிலில் ஒரு லிங்க் வந்து, புது பாஸ்வேர்டு போட்டதும் பழைய நோட்டெல்லாம் பத்திரமாகத் திரும்பி வந்தால், உங்கள் நோட்டைத் திறக்கிற சாவி கம்பெனியிடமும் இருக்கிறது என்று அர்த்தம். ஸ்டாண்டர்ட் நோட்ஸில் அப்படி வராது. மறந்தால் போனது போனதுதான்.

சரி, உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். சிக்கல் பெட்டிக்குள் இல்லை. பெட்டியைத் திறந்து பாஸ்வேர்டை எடுத்து லாகின் பக்கத்தில் போய் ஒட்டுகிறீர்களே, அந்த நான்கு அடி தூரத்தில் இருக்கிறது.

நோட்டில் விரலை அழுத்திப் பிடித்து காப்பி செய்கிறீர்கள். அது கிளிப்போர்டு என்ற தற்காலிக இடத்துக்குப் போகிறது. ஆண்ட்ராய்டு 9 வரைக்கும் பின்னணியில் ஓடுகிற எந்த ஆப்பும் கிளிப்போர்டைச் சத்தமில்லாமல் படிக்கலாம். ஆண்ட்ராய்டு 10ல்தான் அதைத் தடுத்தார்கள். 12ல் இருந்து ஏதாவது ஆப் கிளிப்போர்டில் இருப்பதை எடுத்தால் கீழே ஒரு சின்ன அறிவிப்பு வரும். 13ல் இருந்து சுமார் ஒரு மணி நேரத்தில் தானாக அழியும். ஒரு மணி நேரம் என்பது கொஞ்ச நேரம் இல்லை. இதற்கு மேல் கீபோர்டுகளுக்கென்று தனிக் கிளிப்போர்டு வரலாறு வேறு. நீங்கள் வாட்ஸாப்பில் யாருக்கோ பதில் எழுதப் போனால் கீபோர்டின் மேல் பட்டையில் உங்கள் அம்மாவின் நெட் பேங்கிங் பாஸ்வேர்டு "ஒட்டட்டுமா" என்று எட்டிப் பார்க்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். பாஸ்வேர்டு மேனேஜர்களில் காப்பி செய்த 10 அல்லது 30 வினாடியில் அழித்துவிடச் சொல்லி ஒரு செட்டிங் இருக்கும். நோட்ஸ் ஆப்புக்கு நீங்கள் காப்பி செய்தது ரசத்துக்கு அளவா பாஸ்வேர்டா என்று தெரியாது.

இதைவிடப் பெரிய விஷயம், என் கருத்தில் மொத்த விவாதமே இதுதான்: பாஸ்வேர்டு மேனேஜர் தளத்தின் முகவரியைப் பார்க்கும், நோட் பார்க்காது. "உங்கள் மின் இணைப்பு இன்று இரவு 9.30க்குத் துண்டிக்கப்படும்" என்று எஸ்எம்எஸ் வருமே, அதில் ஒரு லிங்க். அப்பா பதறிப்போய் உங்களிடம் நீட்டுகிறார். பக்கம் அச்சு அசலாக வங்கிப் பக்கம் மாதிரியே இருக்கும், முகவரியில் மட்டும் ஒரு எழுத்து கூடுதலாக இருக்கும். நோட்டில் இருந்து காப்பி செய்பவர் அவசரத்தில் ஒட்டிவிடுவார். ஆட்டோஃபில், அதாவது மேனேஜரே முகவரியைப் பார்த்துப் பாஸ்வேர்டை நிரப்பும் வசதி, உள்ளவருக்கு அந்தப் பக்கத்தில் ஒன்றும் வராது, கட்டம் காலியாகவே நிற்கும். "என்னடா இது, எப்போதும் வருமே" என்று ஒரு நொடி நிற்பீர்கள் பாருங்கள், அந்த ஒரு நொடிதான் பாதுகாப்பு. 2017ல் ஆண்ட்ராய்டு 8 வந்ததிலிருந்து இந்த ஆட்டோஃபில் வசதி இயங்குதளத்திலேயே இருக்கிறது, ஐபோனில் 2018ல் ஐஓஎஸ் 12 முதல் வேறு கம்பெனி மேனேஜர்களுக்கும் திறந்துவிட்டார்கள்.

அப்புறம் அந்த ஒரே நீளமான நோட். அதை இன்றைக்கே பிரித்துவிடுங்கள். ஐஆர்சிடிசி பாஸ்வேர்டு பார்க்கத் திறந்தால் வங்கிப் பாஸ்வேர்டும் கூடவே திரையில் வருகிறது. ரயிலில் பக்கத்து சீட்டுக்காரரை விடுங்கள், திரைப் பகிர்வு இருக்கிறதே. 2019 பிப்ரவரியிலேயே எனிடெஸ்க் என்ற திரைப் பகிர்வு ஆப் வழியாக நடக்கும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கி எச்சரித்தது. "கஸ்டமர் கேர்" என்று பேசுகிறவன் ஒரு ஆப்பைப் போடச் சொல்லுவான், போட்டதும் உங்கள் திரை அவன் திரை. அப்போது அந்த நோட்டைத் திறந்தால் குடும்பத்தின் எல்லாக் கணக்கும் ஒரே ஸ்க்ரோலில் போய்விடும். மேனேஜரில் பாஸ்வேர்டு புள்ளி புள்ளியாகத்தான் நிற்கும்.

பழையமாடல்

பூட்டும்சாவியும் சொன்னதில் தப்பில்லை, ஆனால் ஆட்டோஃபில் புராணத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். நம் ஊர் வங்கித் தளங்களில் எத்தனை ஒழுங்காக ஆட்டோஃபில்லை ஏற்றுக்கொள்கின்றன? சிலதில் பேஸ்ட் பண்ணவே விடமாட்டார்கள், சிலதில் எழுத்துகள் இடம் மாறி மாறி நிற்கிற திரைக் கீபோர்டில் ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும், சிலதில் பயனர் பெயர் ஒரு பக்கம், பாஸ்வேர்டு அடுத்த பக்கம். என் வங்கி ஒன்றில் 90 நாளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது, பழைய மூன்றையும் ஞாபகம் வைத்துக்கொண்டு "இது ஏற்கெனவே போட்டது" என்று திட்டுகிறது. இங்கெல்லாம் எந்த மேனேஜர் வைத்திருந்தாலும் கடைசியில் கண்ணால் பார்த்துக் கையால் தட்டுவதுதான். நோட்டும் அதைத்தான் செய்கிறது. நான் ரொம்ப வருஷமாக என்கிரிப்ட் ஆன நோட்டில்தான் முக்கியமான சிலதை வைத்திருக்கிறேன், மாற்றிக்கொள்ளும் உத்தேசம் இல்லை.

ஆனால் திருச்சிக்காரி, உங்கள் "போர்டு மாட்டியது" வாதத்தை நான் ஏற்க மாட்டேன். லாஸ்ட்பாஸில் என்ன நடந்தது? 2022 ஆகஸ்டில் உள்ளே நுழைந்தார்கள், அந்த வருஷக் கடைசியில் வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்டுகள் இருக்கிற பெட்டகங்களின் பிரதிகளும் போய்விட்டன என்று கம்பெனியே ஒத்துக்கொண்டது. தள முகவரிகள் என்கிரிப்ட் ஆகாமலே இருந்தன, அதனால் யாருக்கு எங்கே கணக்கு என்று திருடர்களுக்கு அப்படியே தெரிந்தது. பாஸ்வேர்டும் நோட்டும் என்கிரிப்ட் ஆகித்தான் இருந்தன, ஆனால் பழைய கணக்குகள் சிலவற்றில் சாவி தயாரிக்கும் சுற்று வெறும் 5,000, சிலதில் அதைவிடக் குறைவு. பெட்டகத்தைத் திறக்கிற மாஸ்டர் பாஸ்வேர்டும் சொத்தையாக இருந்தால் உட்கார்ந்து உடைத்துவிடலாம். 2023 செப்டம்பரில் சைபர் பாதுகாப்புச் செய்தியாளர் பிரையன் கிரெப்ஸ் ஒரு கட்டுரை எழுதினார்: 150க்கும் மேற்பட்டவர்களிடமிருந்து 3.5 கோடி டாலருக்கு மேல் கிரிப்டோ பணம் போயிருக்கிறது, அவர்களிடையே ஆய்வாளர்கள் கண்ட பொதுவான விஷயம், கிரிப்டோ வாலட்டைத் திறக்கப் போதுமான மீட்புச் சொற்களை லாஸ்ட்பாஸில் வைத்திருந்தது. லாஸ்ட்பாஸில் எந்தப் பகுதியில் தெரியுமா? "செக்யூர் நோட்ஸ்". ஆக நோட் என்று பெயர் இருந்ததால் எதுவும் தப்பவில்லை. சர்வரே களவு போகிற நாளில் சமையல் குறிப்பு, பாஸ்வேர்டு என்று யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள், மொத்தமாக அள்ளிக்கொண்டு போய் நிதானமாக உடைப்பார்கள். அன்றைக்கு உங்களைக் காப்பாற்றுவது மாஸ்டர் பாஸ்வேர்டின் நீளம் ஒன்றுதான்.

நீளம் என்றால் "திருச்சி@123" இல்லை. டைஸ்வேர் என்று ஒரு முறை 1995ல் இருந்து இருக்கிறது, 7,776 சொற்கள் உள்ள பட்டியலில் ஐந்து பகடைகளை உருட்டி ஒவ்வொரு சொல்லாக எடுப்பது. ஆறு சொல் எடுத்தால் இன்றைய கணினிகளுக்குத் தலை கிறுகிறுக்கும். நம் ஆள்கள் பகடை உருட்ட மாட்டார்கள், அதனால் பழைய அகராதியை மூடி மூடித் திறந்து, கண்ணில் பட்ட முதல் சொல்லை ஆறு தடவை எடுங்கள் என்று சொல்வேன். அது பகடைக்குச் சமம் ஆகாது, ஆனால் பிள்ளை பெயரும் பிறந்த வருஷமும் போடுவதற்கு எவ்வளவோ மேல்.

நோட்டிலேயே இருக்கப் போகிறேன் என்பவர்களுக்கு என் வழக்கம்: முக்கியமான ஐந்தாறு கணக்குகளுக்கு முழுப் பாஸ்வேர்டையும் எழுதுவதில்லை. நோட்டில் இருப்பது 16 எழுத்து, உண்மைப் பாஸ்வேர்டு 20. கடைசி நான்கு என் தலைக்குள். நோட் வெளியே போனாலும், தோளுக்குப் பின்னால் யாராவது எட்டிப் பார்த்தாலும் உடனே உள்ளே போய்விட முடியாது. எல்லாக் கணக்குக்கும் இதைச் செய்யாதீர்கள், குழம்பிப் போவீர்கள்.

தென்காசி_ஐபோன்

தம்பியின் ஐபோனுக்காக மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே கதை வேறு.

ஆப்பிள் நோட்ஸில் ஒவ்வொரு நோட்டையும் தனியாகப் பூட்டலாம், பூட்டினால் உள்ளடக்கம் நிஜமாகவே என்கிரிப்ட் ஆகிறது, வெறும் திரைச்சீலை இல்லை. ஆனால் முதல் வரி தலைப்பாக வெளியே தெரியும். நம் மக்கள் நேராக முதல் வரியிலேயே பாஸ்வேர்டை எழுதிவிட்டுப் பூட்டுவார்கள், பட்டியலில் அது சிரித்துக்கொண்டு நிற்கும். முதல் வரியில் "மாமா வீட்டு மராமத்து" என்று எதையாவது எழுதிவிட்டு அடுத்த வரியில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது இன்னும் முக்கியம். ஐஓஎஸ் 16ல் இருந்து பூட்டிய நோட்டைத் திறக்க போனின் பாஸ்கோடையே வைத்துக்கொள்ளலாம். வசதிதான். ஆனால் அமெரிக்காவில் மதுக்கூடங்களில் ஒரு கும்பல் என்ன செய்தது என்றால், ஒருவர் பாஸ்கோடு தட்டுவதைப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டு அப்புறம் போனைப் பறித்துவிடும். 2023 தொடக்கத்தில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் இதைப் பற்றி விரிவாக எழுதியது. அந்த ஆறு இலக்கம் தெரிந்தால் ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டையே மாற்றலாம், சேமித்த பாஸ்வேர்டுகளையும் பார்க்கலாம். அதன் பிறகுதான் 2024 ஜனவரியில் ஐஓஎஸ் 17.3ல் "திருடப்பட்ட சாதனப் பாதுகாப்பு" வந்தது. அதை ஆன் செய்தால், வீடு, அலுவலகம் போல வழக்கமான இடத்தை விட்டு வெளியே இருக்கும்போது சேமித்த பாஸ்வேர்டைப் பார்க்க முகமோ கைரேகையோ கட்டாயம், ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டை மாற்ற ஒரு மணி நேரம் காத்திருக்கவும் வேண்டும். தம்பி போனில் அது ஆன் ஆகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நோட்ஸுக்குப் போனின் பாஸ்கோடு இல்லாமல் தனிப் பாஸ்வேர்டு வைக்கச் சொல்லுங்கள்.

ஆனால் 2024 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 18ல் பாஸ்வேர்ட்ஸ் என்று தனி ஆப்பே வந்துவிட்டது. இலவசம், ஆட்டோஃபில் உண்டு, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பின் ஆறு இலக்கக் குறியீடும் அதிலேயே வரும், ஒவ்வொரு பதிவிலும் குறிப்பு எழுத இடம் இருக்கிறது. தம்பி ஐபோனை விட்டு வேறு எங்கும் போகப் போவதில்லை என்றால் அவனுக்கு நோட்ஸும் வேண்டாம், வேறு எதுவும் வேண்டாம். உங்களோடு பகிர வேண்டும் என்றால்தான் சிக்கல், அந்தப் பகிர்வு வசதி ஆப்பிள்காரர்களுக்குள் மட்டும்.

காப்பி செய்வது பற்றி ஒரு துணைத் தகவல்: ஐபோனில் காப்பி செய்தது, அதே கணக்கில் இருக்கிற பக்கத்து மேக் கணினியின் கிளிப்போர்டிலும் போய் நிற்கும். அலுவலக மேக்கில் சொந்த ஆப்பிள் கணக்கைப் போட்டு வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்.

திருச்சிக்காரி

எல்லாருக்கும் நன்றி. கட்டம் காலியாக நிற்கிற விஷயம் எனக்குச் சுத்தமாகத் தோன்றவே இல்லை. அப்பாவுக்கு வாரம் ஒரு முறையாவது அந்த மின்வாரிய எஸ்எம்எஸ் வருகிறது, அவர் அதை எனக்கு வாட்ஸாப்பில் ஃபார்வேர்ட் வேறு பண்ணுகிறார்.

சரி, பிட்வார்டன் போட்டுப் பார்க்கிறேன். இன்னும் சில சந்தேகம். பழைய பள்ளிப் பெயர், லாக்கர் எண், பாலிசி எண் இதெல்லாம் லாகின் பக்கத்தில் போடுகிறவை இல்லையே, இவை நோட்டிலேயே இருக்கலாமா? யூபிஐ பின், ஏடிஎம் பின்னை எங்கே வைப்பது? எனக்கே ஏதாவது ஆகிவிட்டால் அப்பா அம்மாவால் எதையும் திறக்க முடியாதே, மாஸ்டர் பாஸ்வேர்டு என் தலையில் மட்டும்தானே இருக்கும்? அம்மாவின் ஆண்ட்ராய்டு 9 போனை என்ன செய்வது?

கணக்குப்பிள்ளை

வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் பின் விஷயத்தை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். யூபிஐ பின்னையும் ஏடிஎம் பின்னையும் எங்கேயும் வைக்க வேண்டாம். என்கிரிப்ட் ஆன நோட்டிலும் வேண்டாம், பெட்டகத்திலும் வேண்டாம். 4 அல்லது 6 இலக்கம், தினமும் தட்டுகிறீர்கள், விரலே ஞாபகம் வைத்திருக்கும். மறந்தால் கார்டை வைத்துப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம், ஒரு நஷ்டமும் இல்லை. 2017 ஜூலையில் வந்த ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையின்படி, மூன்றாம் ஆள் செய்த மோசடி என்றால் தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொன்னால் வாடிக்கையாளர் பொறுப்பு பூஜ்யம். ஆனால் ரகசிய எண்ணை மற்றவருக்குத் தெரியும்படி விட்டது வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்று ஆகிவிட்டால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனது உங்கள் பணம்தான். எழுதி வைத்திருந்தது கவனக்குறைவா இல்லையா என்று கவுண்டரில் நின்று வாதாடும் நிலைமை உங்களுக்கு ஏன்? பணம் போனது தெரிந்தால் யோசிக்காமல் முதலில் சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அடியுங்கள், அப்புறம் வங்கி.

குடும்பத்துக்குத் திறக்கிற வழி. இதில் இளைஞர்கள் எல்லாரும் செயலிக்குள்ளேயே விடை தேடுகிறீர்கள். ஒரு வெள்ளைத்தாளில் மாஸ்டர் பாஸ்வேர்டை எழுதி, உறையில் போட்டு ஒட்டி, வீட்டுப் பத்திரம் இருக்கிற பீரோவில் வையுங்கள். கூடவே உங்கள் மின்னஞ்சல் முகவரி, போனின் பின், இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்கான மீட்புக் குறியீடு. உங்கள் பீரோவை உடைத்து அந்த உறையைத் தேடிப் படிக்கிற திருடனுக்கு நகையே கிடைத்துவிடும், ஜிமெயில் எதற்கு? ரஷ்யாவில் இருந்து சர்வரை உடைப்பவனுக்கு உங்கள் பீரோ எட்டாது. பாஸ்வேர்டை மாற்றினால் உறையையும் மாற்ற வேண்டும், அதைத்தான் யாரும் செய்வதில்லை.

கூகுளில் "செயலற்ற கணக்கு மேலாளர்" என்று ஒன்று 2013ல் இருந்து இருக்கிறது. 3 மாதமோ 18 மாதமோ நீங்கள் கணக்குப் பக்கம் வராவிட்டால், நீங்கள் குறித்து வைத்த ஆளுக்குத் தகவல் போகும். ஆப்பிளில் நம் காலத்துக்குப் பிறகு கணக்கைத் திறக்க ஒருவரைக் குறித்து வைக்கும் "மரபுத் தொடர்பு" 2021 கடைசியில் வந்தது, ஆனால் அதில் சேமித்த பாஸ்வேர்டுகளைத் தர மாட்டார்கள். எனவே உறைதான். பணத்தைப் பொறுத்தவரை பாஸ்வேர்டை விட நாமினிதான் முக்கியம். இறந்தவர் கணக்கில் அவர் பாஸ்வேர்டைப் போட்டுப் பணம் எடுத்து மாட்டிக்கொண்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அப்பா, அம்மா இருவர் கணக்கிலும் நாமினி இருக்கிறதா என்று இந்த வாரமே பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள்.

லாக்கர் எண், பாலிசி எண், மின் இணைப்பு எண் இதெல்லாம் நோட்டிலேயே இருக்கட்டும். அதற்கு அதுதான் சரியான இடம். இவற்றை யாரும் திருடி லாகின் செய்ய முடியாது, உங்களுக்கும் தேடி எடுக்கச் சுலபம்.

பூட்டும்சாவியும்

கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன உறைக்கு என் ஓட்டு. பழையமாடலுக்கு ஒரு வார்த்தை: அந்தத் தலைக்குள் இருக்கிற நான்கு எழுத்தையும் உறையில் எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் வீட்டார் பாடு திண்டாட்டம்.

பள்ளிப் பெயர் வகைக் கேள்விகள் மட்டும் லாக்கர் எண் ரகம் இல்லை. அவை பாஸ்வேர்டு ரகம், ஏனென்றால் பாஸ்வேர்டை மாற்றவே அவை போதும். உண்மையான பள்ளியின் பெயர் உங்கள் ஃபேஸ்புக்கில் இருக்கும். சம்பந்தமில்லாத ஏதாவது ஒன்றைப் பதிலாகக் கொடுத்து, அந்தக் கணக்கின் பதிவிலேயே குறிப்புப் பகுதியில் எழுதிக்கொள்ளுங்கள். பிட்வார்டனில் ஒவ்வொரு லாகினுக்கும் அந்த இடம் உண்டு.

மாற்றும்போது ஒழுங்கு முக்கியம். எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிக்கப் பார்க்காதீர்கள். முதலில் மின்னஞ்சல், ஏனென்றால் மற்ற எல்லாப் பாஸ்வேர்டையும் அதை வைத்துத்தான் மாற்ற முடியும். அப்புறம் வங்கிகள், வருமான வரி, அப்புறம் நீங்கள் லாகின் செய்ய நேருகிற ஒவ்வொன்றாக. கீப்பில் இருந்த காலத்துப் பாஸ்வேர்டுகளை அப்படியே கொண்டு வராதீர்கள், போகிற போக்கில் புதிதாக மாற்றிக்கொண்டே வாருங்கள். கீப்பில் அழித்த நோட் 7 நாள் குப்பையில் இருக்கும், அங்கேயும் போய் காலி செய்யுங்கள்.

நோட்டில் இருந்து ஏற்றுமதி செய்து ஒரே ஃபைலாக எடுத்தீர்கள் என்றால், அது டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கும். வேலை முடிந்ததும் அழித்து, டிரைவுக்கு பேக்கப் போயிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தால் அதையும் தேடி அழியுங்கள். 2025 பிப்ரவரியில் பாதுகாப்பு நிறுவனமான காஸ்பர்ஸ்கி ஸ்பார்க்கேட் என்று ஒரு திருட்டு நிரலைப் பிடித்தது, கேலரியில் இருக்கிற படங்களில் உள்ள எழுத்தைப் படித்து கிரிப்டோ மீட்புச் சொற்களைத் தேடுகிற வேலை. பிளே ஸ்டோர், ஆப் ஸ்டோர் இரண்டிலுமே அது ஒட்டியிருந்த ஆப்கள் இருந்தன.

இரண்டாம் கட்டச் சரிபார்ப்பின் ஆறு இலக்கக் குறியீட்டைப் பாஸ்வேர்டோடு ஒரே இடத்தில் வைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். மின்னஞ்சலுக்கும், பெட்டகம் திறக்கவும் வேண்டாம், அவற்றுக்குத் தனி ஆத்தென்டிகேட்டர் ஆப். மற்றதெல்லாம் ஒரே இடத்தில் இருந்தாலும் குடி முழுகாது, வைக்காமல் இருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

கிளவுடே வேண்டாம் என்று நினைக்கிறவர்களுக்கு கீபாஸ் வகை இருக்கிறது, எல்லாம் ஒரே ஃபைல், உங்கள் கையில். கீபாஸ்2ஆண்ட்ராய்டு ஆஃப்லைன் என்ற ஆப் இணைய அனுமதியே கேட்காது. ஆனால் அந்த ஃபைலைப் பிரதி எடுத்து வைக்கிற வேலை உங்களுடையது, போன் ஆற்றில் விழுந்தால் ஃபைலும் ஆற்றோடுதான். உங்கள் வீட்டில் நான்கு பேர், மூன்று விதப் போன், அதனால் உங்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

அம்மா போன்: ஆண்ட்ராய்டு 9க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்று நாளாகிவிட்டது, மேலே சொன்ன மாதிரி கிளிப்போர்டும் திறந்த வீடு. அதில் எந்தப் பெட்டகத்தையும் போடாதீர்கள், நோட்டையும் போடாதீர்கள். அம்மா அந்த போனில் எத்தனை இடத்தில் லாகின் செய்கிறார்?

திருச்சிக்காரி

யோசித்துப் பார்த்தால் யூடியூப், வாட்ஸாப், கேஸ் புக்கிங். நெட் பேங்கிங்கை என் போனில்தான் பார்க்கிறோம், ஓடிபி மட்டும் அம்மா போனுக்கு வரும்.

பூட்டும்சாவியும்

அப்படியானால் அம்மாவுக்கு எந்த ஆப்பும் வேண்டாம். கேஸ் பாஸ்வேர்டை சமையலறை நாட்காட்டிக்குப் பின்னால் எழுதினாலும் தப்பில்லை. ஆனால் ஓடிபி வருகிற போன் அது என்கிறீர்களே, அதில்தான் கவனம். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்று வாட்ஸாப்பில் ஆப்பை நிறுவுகிற ஏபிகே ஃபைல் வரும், அழுத்தி இன்ஸ்டால் செய்து எஸ்எம்எஸ் அனுமதி கொடுத்தால் ஓடிபி நேராக அவனுக்குப் போய்விடும். செட்டிங்ஸில் "தெரியாத ஆப்களை நிறுவுதல்" என்ற பக்கத்தில் வாட்ஸாப், குரோம், ஃபைல்ஸ் மூன்றுக்கும் அனுமதி ஆஃப் ஆகியிருக்கிறதா பாருங்கள். எஸ்எம்எஸ் அனுமதி எந்தெந்த ஆப்புக்கு இருக்கிறது என்றும் பார்த்து, தேவையில்லாததை எடுத்துவிடுங்கள்.

பழையமாடல்

கூடவே அந்த சிம்மைப் புதுப் போனுக்கு மாற்ற முடியுமா என்றும் பாருங்கள். விலை குறைந்த போனில்கூட இப்போது புது ஆண்ட்ராய்டு வருகிறது. பழையது யூடியூப்புக்கு வீட்டு வைஃபையில் ஓடட்டும்.

திருச்சிக்காரி

பார்த்தேன். வாட்ஸாப்புக்கு அனுமதி ஆன் ஆகித்தான் இருந்தது, ஆஃப் செய்துவிட்டேன். எஸ்எம்எஸ் அனுமதி ஒரு டார்ச் லைட் ஆப்புக்கும் ஒரு ராசிபலன் ஆப்புக்கும் இருந்தது. இரண்டையும் தூக்கிவிட்டேன். ராசிபலனுக்கு மட்டும் அம்மா கோபமாக இருக்கிறார், அதை இனி தினமும் காலையில் நான் என் போனில் படித்துச் சொல்ல வேண்டுமாம்.